வியூக மேலாண்மை: இறுதியாண்டு வணிகப் பாடம் உண்மையில் எதைக் கற்பிக்கிறது?

வணிக மேலாண்மை பயிலும் மாணவர்கள் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் சந்திக்கும் வியூக மேலாண்மைப் பாடத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் பரவலாக உலவுகின்றன. கணக்கு வராதவர்களும் பொது அறிவை அழகான சொற்களில் எழுதித் தேறிவிடலாம் என்பது ஒன்று. நான்கு கட்டங்கள், ஐந்து அம்புகள், ஒரு சங்கிலி எனச் சில படங்களை மனப்பாடம் செய்துகொண்டு, கேள்வியில் வரும் நிறுவனத்தின் பெயரை அவற்றுக்குள் பொருத்திவிட்டால் போதும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம்பி வகுப்புக்குள் நுழைபவர்கள், பக்கம் பக்கமாக எழுதிய விடைக்கு ஏன் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை என்று புரியாமல் திகைக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வெளியுலகில் விலையைக் குறைப்பதும் வியூகம் எனப்படுகிறது, புதிய விளம்பரம் எடுப்பதும் வியூகம் எனப்படுகிறது, அடுத்த ஆண்டு விற்பனையை 20 விழுக்காடு உயர்த்துவோம் என்று மேடையில் முழங்குவதும் வியூகம் எனப்படுகிறது. எதைச் சொன்னாலும் பொருந்திவிடும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் ஆராய முடியாது. ஆகவே பாடம் அச்சொல்லுக்கு ஓர் எல்லை வகுக்கிறது. ஒரு நிறுவனம் யாருக்கு எதை வழங்கும், எதை வழங்காது, அதற்கேற்பத் தன் செயல்களை எவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாக அமைத்துக்கொள்ளும் என்பன பற்றிய, போட்டியாளர் எளிதில் நகலெடுக்க முடியாத தேர்வுகளின் தொகுப்பே வியூகம். இந்த வரையறையில் ‘எதை வழங்காது’ என்பதும் ‘நகலெடுக்க முடியாத’ என்பதும்தான் பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதிகள்.

இறுதியாண்டில் வைப்பது ஏன்?

அமெரிக்க வணிகக் கல்வியின் தரத்தை ஆராய்ந்து ராபர்ட் கார்டனும் ஜேம்ஸ் ஹோவெலும் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவுடன் 1959-இல் வெளியிட்ட அறிக்கை, மாணவர்கள் தனித்தனியாகக் கற்ற துறைகளை ஒன்றிணைத்துப் பார்க்க வைக்கும் ஒரு நிறைவுப் பாடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது அதற்கு ‘வணிகக் கொள்கை’ என்று பெயர்; வியூக மேலாண்மை என்ற பெயர் 1970-களின் இறுதியில்தான் நிலைபெறத் தொடங்கியது. இடையில், 1962-இல், வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர், டூபான்ட், ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய பெருநிறுவனங்களின் வளர்ச்சியை ஆராய்ந்து, ஒரு நிறுவனத்தின் நிர்வாக அமைப்பு அதன் வியூகத்தைப் பின்தொடர்ந்தே மாறுகிறது என்று காட்டியது இத்துறைக்கு ஓர் அடித்தளமாக அமைந்தது.

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் எளியது. விலையைக் குறைக்கலாமா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டால், சந்தையியல் படித்தவர் விற்பனை கூடும் என்பார். உற்பத்தி மேலாண்மை படித்தவர் கூடுதல் தேவையை ஆலை தாங்காது என்பார். நிதி படித்தவர் விரிவாக்கத்துக்கு வாங்கும் கடனின் வட்டியைக் கணக்கிடுவார். மனிதவளம் படித்தவர் இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆள் எடுக்க எத்தனை மாதமாகும் என்று கேட்பார். நால்வரும் சொல்வது சரியாகவே இருக்கலாம். நான்கையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டியவர் மேலாளர் ஒருவரே. அந்த நாற்காலியில் மாணவரை உட்காரவைப்பதே இப்பாடத்தின் நோக்கம் என்பதால், முந்தைய ஆண்டுகளில் படித்த நிதிநிலை அறிக்கையையும் செலவுக் கணக்கையும் மறந்துவிட்டு வருபவர் இங்கே வெறுங்கையுடன் நிற்பார்.

ஆடுகளத்தில் ஒன்பது பேர்

கிரிக்கெட்டில் பந்துவீசும் அணியில் 11 பேர் இருந்தாலும், பந்துவீச்சாளரையும் விக்கெட் காப்பாளரையும் நீக்கிவிட்டால், அணித்தலைவர் தாம் விரும்பும் இடத்தில் நிறுத்துவதற்கு 9 பேர்தான் மிஞ்சுகிறார்கள். மைதானமோ மிகப் பெரியது. ஸ்லிப்பில் மூவரை நிறுத்தினால் எல்லைக்கோட்டில் மூன்று இடங்கள் காலியாகும். ஆஃப் பக்கத்தை அடைத்தால் லெக் பக்கம் திறந்துகிடக்கும். எல்லா இடத்தையும் காக்க விரும்பும் தலைவர், ஒருவருக்கொருவர் எட்டாத தொலைவில் ஒன்பது பேரையும் சிதறவிட்டு, எந்த இடத்தையும் காக்காமல் போவார்.

இந்த ஓர் ஒப்புமையிலேயே, பேச்சு வழக்கில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் நான்கு கருத்துகளைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ‘இந்த ஆட்டத்தை வெல்ல வேண்டும்’ என்பது இலக்கு. அதை எதிரணியும்தான் விரும்புகிறது. நன்றாகப் பிடிப்பதும், வேகமாக ஓடுவதும், குறிபார்த்து எறிவதும் செயல்திறன். அது எல்லா அணிக்கும் வேண்டும். இந்தப் பந்தை மட்டும் சற்று மெதுவாக வீசி ஏமாற்றுவது தந்திரம். அதன் ஆயுள் ஒரு பந்து. ஆஃப் பக்கம் ஏழு பேரை நிறுத்தி, பந்துவீச்சாளரை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மட்டுமே தொடர்ந்து வீசச் சொல்லி, லெக் பக்கத்தை வேண்டுமென்றே ஏறக்குறைய காலியாக விடுவதுதான் வியூகம். அங்கே களத்தடுப்பும் பந்துவீச்சும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. அதே களத்தடுப்பை வைத்துக்கொண்டு லெக் ஸ்டம்பில் பந்து வீசினால், திறமையான வீரர்கள் இருந்தும் ஓட்டங்கள் கொட்டும்.

இந்த ஒப்புமை ஓர் எல்லைவரைதான் துணைவரும். ஆட்டத்தில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும். வணிகத்திலோ வாடிக்கையாளர் என்ற மூன்றாம் தரப்பு இருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் பயன் கூடவும் குறையவும் செய்யும். இலாபம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த மூன்றாம் தரப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இலாபம் எங்கே பிறக்கிறது?

ஒரு பொருளுக்கு வாடிக்கையாளர் கொடுக்கச் சம்மதிக்கும் உச்சத் தொகையை ‘ஏற்புத் தொகை’ என்று அழைப்போம். அது விலை அன்று. விலை அதற்குக் கீழே இருந்தால்தான் அவர் வாங்குவார். ஒரு பொருளின் ஏற்புத் தொகை 100, அதைத் தயாரித்து வழங்க நிறுவனத்துக்கு ஆகும் செலவு 60 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியான 40தான் அந்த வணிகம் உருவாக்கிய மதிப்பு. விலையின் வேலை அந்த 40-ஐப் பங்கிடுவது மட்டுமே. விலை 80 என்றால் வாடிக்கையாளருக்கு 20 மிச்சம், நிறுவனத்துக்கு 20 இலாபம்.

இப்போது ஒரு போட்டியாளர் வருகிறார். அவருடைய பொருளுக்கும் ஏற்புத் தொகை 100தான். ஆனால் அவருக்கு ஆகும் செலவு 70. நம் வாடிக்கையாளரைப் பறிக்க அவர் விலையை 79-க்கு இறக்குவார். நாம் 78-க்கு இறக்குவோம். இப்படியே இறங்கி, 70-க்கு வந்ததும் அவர் நின்றாக வேண்டும். நாம் ஒரு சிறு துளி குறைவாக, ஏறக்குறைய 70-க்கு விற்றால் விற்பனை நம்முடையது, இலாபம் 10. அந்த 10 எங்கிருந்து வந்தது? நாம் உருவாக்கிய மதிப்பு 40, அவர் உருவாக்கிய மதிப்பு 30. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 10. கடும் போட்டியில் ஒரு நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ள முடிவது, தான் உருவாக்கும் மொத்த மதிப்பை அன்று. போட்டியாளரைவிடக் கூடுதலாக உருவாக்கும் மதிப்பை மட்டுமே. இந்தக் கூடுதலுக்குப் ‘போட்டி மேன்மை’ என்று பெயர். இது புரிந்தவருக்கு இப்பாடத்தின் பாதி புரிந்ததாகும் என்பது என் கருத்து. பல பாடநூல்கள் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் படங்களுக்குத் தாவிவிடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மேன்மையை அடைய இரண்டு வழிகள் இருப்பதும் இதிலிருந்தே விளங்கும். ஏற்புத் தொகை பெரிதும் குறையாமல் செலவைக் குறைப்பது ஒரு வழி. செலவு ஏறுவதைவிட அதிகமாக ஏற்புத் தொகையை ஏற்றுவது மறுவழி. முதலாவது செலவுத் தலைமை எனவும், இரண்டாவது வேறுபடுத்தல் எனவும் பெயர் பெறும். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980-இல் பொதுவியூகங்கள் என்ற தலைப்பில் இவற்றை வகைப்படுத்தி, இவை ஒரு முழுச் சந்தையையும் நோக்கலாம், குறுகிய ஒரு பகுதியை மட்டுமே நோக்கவும் செய்யலாம் என்று காட்டினார்.

ஆனால் போட்டியாளரும் விழித்துக்கொண்டு, நம்முடையவை போன்ற இயந்திரங்களை வாங்கி, தம் செலவையும் 60-க்குக் கொண்டுவந்துவிட்டால், இருவருடைய மதிப்பும் 40 ஆகி, வேறுபாடு சுழியமாகிவிடும். விலை 60 வரை இறங்கி, முழுப் பயனும் வாடிக்கையாளருக்குப் போய்ச்சேரும். செயல்திறனை உயர்த்துவது இன்றியமையாதது என்றாலும், அது மட்டும் வியூகம் ஆகாது என்று 1996-இல் போர்ட்டர் வாதிட்டதற்கு இதுவே காரணம். நல்ல இயந்திரம், நல்ல மென்பொருள், நல்ல ஆலோசகர் ஆகிய மூன்றையும் காசு கொடுத்தால் எவரும் பெறலாம்.

சுருங்கச் சொன்னால், இலாபம் மதிப்பின் அளவிலிருந்து வருவதில்லை, மதிப்பின் வேறுபாட்டிலிருந்து வருகிறது. அந்த வேறுபாடு நகலெடுக்கப்படும் வரைதான் நீடிக்கும். அடுத்த கேள்வி, நகலெடுப்பதைத் தடுப்பது எது என்பது.

நகலெடுக்க முனைந்த ஒரு விமான நிறுவனம்

1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ், அடுத்த ஆண்டே பணத் தட்டுப்பாட்டால் தன்னிடமிருந்த நான்கு விமானங்களுள் ஒன்றை விற்க நேர்ந்தது. ஆனாலும் மூன்று விமானங்களைக்கொண்டே நான்கின் அட்டவணையை ஓட்ட முடிவு செய்து, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் புறப்படச் செய்யும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டது. நிலத்தில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை என்பதால், விமானத்துக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் பறக்கும் நேரம் கூடி, ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு குறைந்தது.

விரைவாகப் புறப்படுவதைப் பார்த்து எவரும் செய்துவிடலாமே என்று தோன்றும். அது எவற்றைச் சார்ந்து நின்றது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். சாப்பாடு வழங்காததால் அதை ஏற்றி இறக்கும் நேரம் மிச்சமானது. இருக்கை எண் ஒதுக்காததால் பயணிகள் முந்தி வந்து ஏறி அமர்ந்தார்கள். வேறு நிறுவனத்தின் விமானத்துக்குப் பெட்டிகளை மாற்றிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்காததால், தாமதமாக வரும் மற்றொரு விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போயிங் 737 என்ற ஒரே வகையை நம்பியதால் எந்த விமானியும் எந்தப் பணியாளரும் எந்த விமானத்திலும் வேலை செய்ய முடிந்தது. நெரிசல் குறைந்த விமான நிலையங்களைத் தேர்ந்ததால் ஓடுபாதைக்காகக் காத்திருக்கும் நேரம் குறைந்தது. ஒவ்வொன்றும் மற்றவற்றுக்கு வலுச்சேர்க்கிறது. இந்தச் சார்புநிலைக்குப் ‘பொருத்தம்’ என்று பெயர்.

1993-இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸ், தன் முழுச்சேவை விமானங்களையும் மைய நிலையங்களையும் வைத்துக்கொண்டே, சில வழித்தடங்களில் ‘கான்டினென்டல் லைட்’ என்ற பெயரில் சாப்பாடும் முதல் வகுப்பும் இல்லாத மலிவுச் சேவையைத் தொடங்கியது. மலிவுச் சேவை விரைவாகத் திரும்ப வேண்டும். முழுச்சேவையோ மாறிச் செல்லும் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் காத்திருக்க வேண்டும். ஒரே நிலையத்தில் இரண்டும் இயங்கியதால் மலிவு விமானங்கள் நெரிசலில் சிக்கித் தாமதமாயின. மலிவுக் கட்டணத்தில் பயண முகவர்களுக்கு வழக்கமான கமிஷன் கொடுத்துக் கட்டுப்படியாகாது. கமிஷனைக் குறைத்தால் முழுச்சேவைப் பயணிகளைக் கொண்டுவரும் அதே முகவர்கள் பகையாவார்கள். நிறுவனம் எல்லாத் தளங்களிலும் கமிஷனைக் குறைத்தது. அடிக்கடி பறப்போருக்கான சலுகைகளையும் குறைத்தது. இரு வகைப் பயணிகளும் அதிருப்தியடைந்தனர். 1995-இல் அச்சேவை மூடப்பட்டது.

இங்கே கான்டினென்டலுக்குத் தகவல் பஞ்சமில்லை. சவுத்வெஸ்ட் செய்ததெல்லாம் ஊரறிந்த செய்தி. அதை அப்படியே செய்ய வேண்டுமானால் தனக்குப் பணம் ஈட்டித்தரும் முழுச்சேவையைக் கைவிட வேண்டும் என்பதுதான் தடை. ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றை இழந்தே ஆக வேண்டும் என்ற இந்த நிலையை வகுப்பில் ‘ட்ரேட்-ஆஃப்’ என்பார்கள். போட்டியாளரைத் தடுக்கும் மதில் பெரும்பாலும் நம் இரகசியத்தால் கட்டப்படுவதில்லை. நம்மை நகலெடுத்தால் அவருக்கு ஏற்படும் இழப்பால் கட்டப்படுகிறது. சவுத்வெஸ்ட் 1973 முதல் 2019 வரை தொடர்ச்சியாக 47 ஆண்டுகள் இலாபம் ஈட்டியது, ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் மூழ்குவது வழக்கமாகிப்போன ஒரு துறையில்.

அந்நிறுவனமும் மாறாமல் இல்லை. 2024-இல் இருக்கை ஒதுக்கும் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2025-இல், அதுவரை இலவசமாக ஏற்றிவந்த பெட்டிகளுக்குப் பெரும்பாலான பயணிகளிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இவை காலத்துக்கேற்ற திருத்தங்களா, பழைய பொருத்தத்தின் ஆணிகளைக் கழற்றும் வேலையா என்பது இன்றைய வகுப்புகளில் விவாதிக்கத் தகுந்த கேள்வி.

துறையையும் ஆராய வேண்டுவது ஏன்?

உருவாகும் மதிப்பு நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே மட்டும் பங்கிடப்படுவதில்லை. 1979-இல் போர்ட்டர் முன்வைத்த ‘ஐந்து விசைகள்’ என்ற கருவி, ஒரு துறையில் உருவாகும் மதிப்பை யார் யார் இழுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க உதவுகிறது: துறைக்குள் இருக்கும் போட்டியாளர்கள், புதிதாக நுழையக்கூடியவர்கள், அதே தேவையை வேறு வகையில் நிறைவேற்றும் மாற்றுப் பொருள்கள், பேரம் பேசும் வாடிக்கையாளர்கள், பேரம் பேசும் மூலப்பொருள் வழங்குவோர்.

குளிர்பானத் தொழில் இதற்கு நல்ல சான்று. சாறுக் கரைசலைத் தயாரிக்கும் நிறுவனமும் அதை வாங்கிப் புட்டியில் நிரப்பி விநியோகிக்கும் நிறுவனமும் ஒரே பானத்துக்காகத்தான் உழைக்கின்றன. கரைசல் தயாரிக்கப் பெரிய ஆலை வேண்டாம். அதன் வணிகப்பெயரோ பல்லாண்டு விளம்பரத்தால் ஊன்றியது. புட்டியில் நிரப்புபவருக்கு இயந்திரங்கள், கிடங்குகள், வண்டிகள் என முதலீடு குவிகிறது. கரைசலை அவர் வேறெங்கும் வாங்கவும் முடியாது. முதலீட்டுக்குக் கிடைக்கும் வருவாய் கரைசல் தயாரிப்பவருக்கே பெரிதும் கூடுதலாக இருந்துவந்ததில் வியப்பில்லை. இரண்டாமவரின் உழைப்பிலோ திறமையிலோ குறை இருந்ததாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர் நிற்கும் இடம் அப்படி.

மாணவர்கள் இக்கருவியைப் பெரும்பாலும் ஐந்து தலைப்புகளுக்கு எதிரே ‘அதிகம்’, ‘நடுத்தரம்’, ‘குறைவு’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது வானிலை அறிக்கையை வாசிப்பது போன்றதே. எந்த விசை இலாபத்தை அதிகமாக அரிக்கிறது, ஏன் அரிக்கிறது, நிறுவனம் எங்கே நின்றால் அந்த விசை வலுவிழக்கும் என்று சொன்னால்தான் விடை முழுமையடையும்.

உள்ளே இருப்பவை

ஒரே துறையில், ஒரே விசைகளுக்கு நடுவில், ஒரு நிறுவனம் செழித்து மற்றொன்று நொடிப்பதற்கு விளக்கம் வெளியே கிடைக்காது. ஒரு நிறுவனத்தை அதன் வளங்களின் தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1984-இல் பிர்கர் வெர்னர்ஃபெல்ட் எழுதினார். எத்தகைய வளம் நீடித்த மேன்மையைத் தரும் என்பதற்கான அளவுகோல்களை 1990-களில் ஜே பார்னி வகுத்தார். வளம் என்பது ஆலை, பணம் போன்ற கண்ணுக்குத் தெரிபவற்றையும், நற்பெயர், குழுவின் பழக்கவழக்கம், திரண்ட அனுபவம் போன்ற தெரியாதவற்றையும் குறிக்கும். அது வாடிக்கையாளருக்குப் பயன்படுகிறதா, அரிதானதா, நகலெடுக்கக் கடினமானதா, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் நிறுவனம் அமைந்திருக்கிறதா என்ற நான்கு கேள்விகளையும் அது கடக்க வேண்டும்.

நான்கில் மூன்றாவதில்தான் பெரும்பாலான வளங்கள் தோற்கின்றன. ‘எங்கள் ஊழியர்களே எங்கள் வலிமை’ என்று ஏறக்குறைய எல்லா ஆண்டறிக்கைகளும் சொல்கின்றன. எல்லோரும் சொல்வதால் அது எவருக்கும் மேன்மை ஆவதில்லை.

வெளியே துறையின் அமைப்பு, உள்ளே வளங்கள், இரண்டுக்கும் நடுவே நிறுவனத்தின் தேர்வுகள் என்று இதுவரை கண்டவற்றை வரிசைப்படுத்திக்கொள்ளலாம். இவை அனைத்தும் ஒரு தொழிலில் எப்படிப் போட்டியிடுவது என்ற கேள்வியைச் சார்ந்தவை. எந்தெந்தத் தொழில்களில் இருப்பது என்பது வேறு கேள்வி. பல தொழில்களை நடத்தும் குழுமங்களின் தலைமையகம் அதற்குத்தான் விடை தேடுகிறது. 1957-இல் இகோர் ஆன்சாஃப், பழைய பொருள், புதிய பொருள், பழைய சந்தை, புதிய சந்தை ஆகியவற்றை இணைத்து வளர்ச்சியின் நான்கு திசைகளைக் காட்டினார். புதிய தொழிலில் நுழைய விரும்பும் எந்தக் குழுமத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அத்தொழில் தனியே இருப்பதைவிட உங்களிடம் இருந்தால் என்ன கூடுதல் மதிப்பு உருவாகும்?

திட்டமிட்டு வந்ததும் வழியில் பிறந்ததும்

வியூகம் எப்போதும் தலைமையகத்தில் எழுதப்பட்டு, பிறகு செயலாக்கப்படுகிறது என்ற எண்ணத்தை 1970-களின் பிற்பகுதியில் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் கேள்விக்குள்ளாக்கினார். எழுதிவைத்த திட்டத்தில் ஒரு பகுதி நிறைவேறாமல் போகிறது. எவரும் எழுதாத சில முடிவுகள் நாளடைவில் ஒரு கோலம் பெற்று வியூகமாகின்றன. எழுதியபடி நிறைவேறுவதைத் திட்டமிட்ட வியூகம் என்றும், எழுதாமல் வழியில் பிறப்பதை உருவாகிவரும் வியூகம் என்றும் பிரிக்கலாம்.

ஹோண்டாவின் கதை இதற்கு வகுப்புதோறும் சொல்லப்படுகிறது. 1959-இல் அமெரிக்காவுக்குச் சென்ற ஹோண்டா குழுவினர் 250, 305 சிசி மோட்டார் சைக்கிள்களை விற்கும் எண்ணத்துடன் போனார்கள். அங்கே நெடுந்தூரம் வேகமாக ஓட்டப்பட்ட அவ்வண்டிகள் எண்ணெய் கசிந்து, கிளட்ச் பழுதாகி நின்றன. இதற்கிடையில், லாஸ் ஏஞ்சலஸில் சொந்த வேலைகளுக்காக அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி சூப்பர் கப் வண்டியைப் பார்த்துப் பலர் விசாரித்தார்கள். பெரிய வண்டிகள் கைவிட்ட நிலையில், தயக்கத்துடன் சிறிய வண்டியை விற்க முன்வந்தார்கள். அதுவே சந்தையைத் திறந்துவிட்டது. 1975-இல் பிரிட்டன் அரசுக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை, ஜப்பானியரின் வெற்றியைப் பெருமளவு உற்பத்தியும் குறைந்த செலவும் கொண்ட தெளிவான வியூகத்தின் விளைவாகக் காட்டியது. 1984-இல் ரிச்சர்ட் பாஸ்கேல் அந்தக் குழுவினரிடமே கேட்டு எழுதியபோதுதான் தடுமாற்றங்கள் வெளிவந்தன.

இக்கதையைக் கேட்டுவிட்டுத் திட்டமே வேண்டாம், போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது அவசர முடிவு. கண்ணெதிரே வந்த வாய்ப்பைப் பிடித்துக்கொள்ள முடிந்ததற்கு, தாய்நாட்டில் சிறு வண்டிகளைப் பெருமளவில் மலிவாகத் தயாரிக்கும் வலிமை ஹோண்டாவிடம் முன்பே இருந்தது ஒரு காரணம். தற்செயல் வாசலைக் காட்டியது; நுழைய முடிந்தது வளத்தால்.

வகுப்பில் எப்படிப் பயில்வது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இப்பாடம் இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று கேஸ் ஸ்டடி: ஓர் உண்மை நிறுவனம் முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் நிற்கும் நிலையை விவரிக்கும் ஆவணத்தைப் படித்து விவாதிப்பது. மற்றொன்று சிமுலேஷன்: மாணவர் குழுக்கள் ஒரே சந்தையில் போட்டியிடும் கற்பனை நிறுவனங்களைக் கணினியில் நடத்துவது. சிமுலேஷனில் பொதுவாக நேர்வது, ஒவ்வொரு குழுவும் எல்லாப் பிரிவு வாடிக்கையாளருக்கும் விற்க முயன்று, முதல் சில சுற்றுகளிலேயே கடனில் விழுவதுதான். ஒன்பது பேரை மைதானம் முழுக்கச் சிதறவிட்ட அணித்தலைவரின் கதை அது.

கேஸ் விடையில் அதிகமாகத் தவறாகப் பயன்படுவது ஸ்வாட் என்ற நான்கு கட்டப் படம்: வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். தகவலைத் தொகுத்துக்கொள்ள அது நல்ல குறிப்பேடு. ஆய்வு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ‘வலிமை: நல்ல வணிகப்பெயர்’ என்று எழுதினால் எதுவும் சொல்லப்படவில்லை. ‘போட்டியாளரைவிட 15 விழுக்காடு கூடுதல் விலை வைத்தும் ஐந்து ஆண்டுகளாக இந்நிறுவனத்தின் விற்பனை அளவு குறையவில்லை; ஆனால் அக்கூடுதல் விலையில் பெரும்பகுதியை விளம்பரச் செலவு விழுங்கிவிடுவதால் இலாப விகிதம் துறையின் சராசரியையே ஒட்டி நிற்கிறது’ என்று எழுதினால், வணிகப்பெயர் ஏற்புத் தொகையை உயர்த்துகிறது, ஆயினும் மேன்மையாக மாறவில்லை என்ற வாதம் பிறக்கிறது. முதல் வரி ஒரு பெயர்ச்சொல். இரண்டாவது வரியில்தான் எண்களும் காரணமும் இருக்கின்றன. எனவே கேஸைக் கையில் எடுத்தவுடன் கதையைப் படிப்பதற்கு முன் கடைசிப் பக்கங்களிலுள்ள நிதி அட்டவணைகளைப் பார்ப்பது நல்லது. போட்ட முதலுக்குக் கிடைத்த வருவாய் போட்டியாளரோடு ஒப்பிட எப்படி இருக்கிறது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்த பிறகு படித்தால், நிறுவனத் தலைவர் பேசும் பெருமைகள் அவ்வளவாக மயக்காது.

மற்றொரு பொறி, முடிவு தெரிந்த பிறகு அறிவாளியாவது. புகைப்படச் சுருள் தயாரித்த கோடாக், டிஜிட்டல் புகைப்படத்தை முன்கூட்டிக் காணாததால் வீழ்ந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அந்நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இலேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். 2000-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாகவும் கோடாக் இருந்தது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரிய நிறுவனத்துக்குக் கண் தெரியவில்லை என்பது பொருந்தாத விளக்கம். சுருளில் கிடைத்த இலாப விகிதம் எந்த மின்னணுப் பொருளிலும் கிடைக்காது. பல்லாண்டுகளாகச் சேர்த்த இரசாயன அறிவு கேமராவின் மின்னணுச் சில்லுகளுக்கு உதவாது. சுருள் தயாரித்த ஃப்யூஜிஃபில்ம் அதே இரசாயன அறிவைத் திரவப் படிகத் திரைகளுக்கான மென்படலங்களிலும் அழகுசாதனப் பொருள்களிலும் பயன்படுத்திக்கொண்டது. புதியதைப் பார்த்தார்களா என்று கேட்பதைவிட, தம்மிடமிருந்த வளம் எங்கெல்லாம் பயன்படும் என்று பார்த்தார்களா என்று கேட்பது பொருள் பொதிந்த ஆய்வுக்கு இட்டுச்செல்கிறது.

கேஸ் விடையின் கடைசிப் பகுதியான பரிந்துரையில், எதைச் செய்ய வேண்டும் என்பதோடு, அதற்காக எதை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். எதையும் நிறுத்தச் சொல்லாத பரிந்துரையில் வியூகம் இருக்க வாய்ப்பில்லை. அதற்குக் கீழே, எந்த நிலவரம் மாறினால் இப்பரிந்துரை தவறாகிவிடும், அந்த மாற்றத்தை எந்த எண்ணைக் கவனித்துவந்தால் முன்கூட்டி அறியலாம் என்று இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். பெரும்பாலான விடைத்தாள்களில் இல்லாத அந்த இரண்டு வரிகளைத்தான் அனுபவமிக்க ஆசிரியர்கள் முதலில் தேடுகிறார்கள்.